ஒரு கைக்கூலித் தகராறு

கூரியர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே,

செங்கல்பட்டுக் கிளையில் இப்போது பொறுப்பில் இருக்கிறவர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, புதுப் பசங்க வாசல்ல நின்னு சண்ட போட்டுட்டு வர்றாங்க. ஃபாரின் பார்சல்னாலே பயப்படுறாங்க. நீங்க உங்க அனுபவத்த எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கம் இல்லை. கர்த்தரை வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மனதில் முதலில் வந்தது ஒரு வீடுதான். அதையே எழுதுகிறேன்.

வெளிநாட்டுப் பெட்டிக்கு ஏன் சண்டை வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர்கள் டூட்டி என்று சுங்கவரி போடுவார்கள். பெட்டிக்குச் சொந்தக்காரர் அங்கே போய் நிற்க முடியாது என்பதால் நம் கம்பெனியே கட்டிவிட்டுப் பெட்டியை வெளியே எடுக்கும். 'உனக்காக அலைந்தேன், என் காசை முன்னால் போட்டேன்' என்று அதற்கு ஒரு ஹேண்ட்லிங் சார்ஜையும் சேர்க்கும். இரண்டையும் வாசலில் நின்று வாங்குகிறவன் நாம். டூட்டியைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஹேண்ட்லிங் சார்ஜைச் சொன்னால் ஆளே மாறிவிடுவார்கள்.

மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பையனுக்கு அவன் அம்மா பாலாடைக்கட்டி அனுப்பியிருந்தாள். வழியெல்லாம் நாறிக்கொண்டே வந்தது. பில்லைப் பார்த்தவன் என்னைப் பார்த்து ஏதோ கத்தினான். பிறகு பெட்டியை மோந்து பார்த்தான். கண் கலங்கிவிட்டது. மறுபேச்சில்லாமல் கட்டினான். மறைமலைநகர்த் தொழிற்சாலையில் ஒரு பர்ச்சேஸ் அதிகாரி இருந்தார். சாம்பிளாக வந்த ரப்பர் வளையத்துக்கு டூட்டியா என்று என்னை கேட்டிலேயே வெயிலில் நிறுத்திவைப்பார். இதெல்லாம் போகப் போகப் பழகிவிடும். திட்டு வாங்குவது பெரிய விஷயம் இல்லை. திட்டுகிறவர் எதற்குத் திட்டுகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

அந்த வீடு கடற்கரைப் பக்கம், அணு ஆராய்ச்சிக்காரர்களின் நகரியத்தில் இருந்தது. வேப்பமரமும் புங்கமரமும் நிழல் கட்டிய தெருக்கள், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ்கள். ஊர் ஊராக வந்து குடியேறிய சம்பளக்காரர்கள். எனக்கு அந்தத் தெருக்களில் வண்டி ஓட்டப் பிடிக்கும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது கருங்குழி பக்கம். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வரமாட்டார். பெரிய ரோட்டில் சைக்கிளை நிறுத்திப் பெயரைச் சொல்லிக் கத்துவார். ஓடிப்போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி வளர்ந்த எனக்கு, ஒருவர் வீட்டு வாசல்வரை போய் மணி அடித்து, பெயர் சொல்லிக் கையில் ஒரு பொருளைக் கொடுப்பது கர்த்தர் கொடுத்த ஊழியமாகவே தோன்றியது. தினமும் வண்டியை உதைப்பதற்கு முன்னால் பையின்மேல் கைவைத்து ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கிளம்புவேன்.

அது இரண்டாயிரமாவது ஆண்டு. ஐப்பசி மழை ஆரம்பித்திருந்த நேரம். அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. மேலே வீடியோ கேமரா என்று எழுதி, பெரிய மதிப்பாகப் போட்டிருந்தார்கள். அன்பளிப்புக்கு இருந்த சலுகை வரம்பைத் தாண்டிவிட்டதால் டூட்டி நன்றாகவே விழுந்திருந்தது. அதோடு நம் ஹேண்ட்லிங் சார்ஜ்.

கதவைத் திறந்தவர் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஃபோர்மேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. பில்லை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இது என்ன வே, ஹேண்ட்லிங் சார்ஜ்?"

"கம்பெனி கஸ்டம்ஸ்ல கட்டி எடுத்தாங்க சார். அதுக்கு."

"எடுக்கச் சொல்லி நான் சொன்னேனா?"

"இல்ல சார்."

"என்னையக் கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"பொறவு? சர்க்காருக்குக் கொடுக்க வேண்டியதக் கொடுக்கலாம். நடுவுல நீங்க யாரு? தரகரா? இதுக்குப் பேரு கைக்கூலி வே, கைக்கூலி!"

அவருக்குப் பின்னால் அவர் மனைவி வந்து நின்றார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். மெதுவாக முன்னால் வந்து, பெட்டிமேல் மார்க்கரில் எழுதியிருந்த விலாசத்தில் விரலை வைத்தார். அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் எழுத்து யாருடையது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. எழுத்தின் வளைவெல்லாம் விரல் போய்வந்தது.

"நீ உள்ள போ" என்றார் அவர்.

அந்தம்மா போய்விட்டார். அவர் பில்லை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "டூட்டி மட்டும்னா பேசலாம். இந்தக் கைக்கூலிய எடுத்துட்டு வாரும்."

"சரி சார். அப்ப பெட்டி வேணாமா சார்?"

அவர் பெட்டியையே பார்த்தார். பிறகு, "இந்த ஓரம் ஏன் நசுங்கியிருக்கு? தூக்கிப் போட்டீங்களா?" என்றார்.

"வரும்போதே அப்டித்தான் சார் இருந்துச்சு."

"பாத்துக் கொண்டு போவும். உள்ள சாமான் இருக்குல்லா."

கதவு சாத்திக்கொண்டது.

பிள்ளைகளே, இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். நமக்கு இரண்டே வழி உண்டு. 'பெறுபவர் மறுத்துவிட்டார்' என்று எழுதினால் பெட்டி அடுத்த வண்டியில் திரும்பிப் போய்விடும். 'கட்டணத்தை ஆட்சேபிக்கிறார்' என்று எழுதினால், சென்னை அலுவலகம் பதில் சொல்லும்வரை பெட்டி நம் கிளையிலேயே இருக்கும். முதல் வழி நமக்குச் சுலபம். அதனால்தான் நிறையப் பேர் அதை எழுதிவிடுகிறார்கள்.

எங்கள் கிளை முதலாளியை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். செங்கல்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். நல்ல மனுஷர், வாய் மட்டும் நீளம். நான் பெட்டியோடு திரும்பி வந்ததும் ஆரம்பித்தார்.

"இன்னாபா, போன பொட்டி அப்டியே வந்துகினு கீது?"

"ஹேண்ட்லிங் சார்ஜு குடுக்க மாட்டேங்குறாரு நைனா."

"குடுக்காங்காட்டி ரிஃப்யூஸ்னு எய்தி அனுப்பு. இங்க எங்க வெக்கிறது? மேல ஓடு ஒழுவுது."

"அவரு வேணாம்னு சொல்லல நைனா."

"சண்ட போட்டாரா இல்லியா?"

"போட்டாரு."

"அப்புறம் இன்னா?"

"வேணாங்குறவன் சண்ட போட மாட்டான் நைனா. கதவச் சாத்திட்டுப் பூடுவான். இவரு பொட்டி ஏன் நசுங்கிச்சின்னு கேக்குறாரு."

நைனா பேனாவை என் பக்கம் தள்ளினார். "உனக்கு வேற பொயப்பே இல்ல. எய்து, ஆட்சேபம்னே எய்து. மெட்ராஸ்காரன் கேட்டான்னா நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

அதிலிருந்து நான் அந்த வீட்டுக்கு வாடிக்கையாகிவிட்டேன். அவர் சென்னைக்கு மனு எழுதுவார். நான் போய் வாங்கி வருவேன். மனு என்றால் சாதாரண மனு இல்லை. 'கனம் பொருந்திய மேலாளர் அவர்களுக்கு' என்று தொடங்கி, எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் இந்தக் கட்டணம் சொல்லப்பட்டிருக்கிறது என்று கேட்டிருப்பார். பதில் வராது. அடுத்த முறை இன்னொரு மனு. ஒவ்வொரு முறையும் என்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, கடைசியில் தண்ணீர் குடிக்கச் சொல்வார். நான் கிளம்பும்போது, ஏதோ ஞாபகம் வந்ததுபோல ஒன்று கேட்பார்.

"பெட்டிய எங்க வச்சிருக்கீங்க?"

"அலமாரி மேல சார்."

"அங்க மழ ஒழுகுதா?"

"பிளாஸ்டிக் தாள் சுத்தி வச்சிருக்கேன் சார்."

"ரெண்டு தாளாச் சுத்தும்."

ஒருநாள் மாமல்லபுரம் பேருந்து நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டி டீ குடித்துக்கொண்டிருந்தேன். கூடையோடு அந்தம்மா வந்து நின்றார். நகரியத்திலிருந்து மீன் வாங்க வந்ததாகச் சொன்னார். கூடையில் மீன் இல்லை.

"தம்பி, ஒரு விசயம் சொல்லுதேன். அவுக கிட்ட சொல்லிராத."

"சொல்லுங்கம்மா."

"அது எங்க மக அனுப்புனது. ஒரே மக. அங்க வேல பாக்கையில அவளே ஒருத்தரப் பாத்துக் கட்டிக்கிட்டா. வேற ஆளுக. அன்னையிலேருந்து இவுக அவ பேரச் சொல்லல. நான் சொன்னாலும் எந்திரிச்சு வெளிய போயிருவாக."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"இப்பப் பிள்ள பொறந்திருக்கு. பேத்தி. அந்தூரு கேசட்டு நம்மூரு டெக்குல ஓடாதாம். அதனால அவ கேமராவையே அனுப்பி வச்சிருக்கா, அத அப்படியே டிவில மாட்டிப் பாக்கலாமாம். நான் டெலிபோன் பூத்துல இருந்து பேசையில சொன்னா. 'அப்பா திருப்பி அனுப்பிட்டாகன்னா எனக்குத் தெரிஞ்சிரும்மா, பொறவு நான் எதுவும் அனுப்ப மாட்டேன், தொந்தரவும் பண்ண மாட்டேன்'னு சொல்லிட்டா."

"நீங்க வீட்டுக்கே பேசச் சொல்லலாமேம்மா?"

"பேசுவா. அவுக எடுத்தாகன்னா அவ சத்தம் காட்ட மாட்டா. இவுகளும் பேச மாட்டாக." அந்தம்மா கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டார். "ஆனா வச்சிர மாட்டாக தம்பி. சும்மா காதுல பிடிச்சிக்கிட்டே நிப்பாக. அந்தப் பக்கம் வைக்கிற வரைக்கும்."

பிறகு கூடைக்குள் இருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தார். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது. "முழுசும் இருக்கு. கைக்கூலியும் சேத்துத்தான். அவுக ஆபீஸ் போயிருக்கையில கொண்டாந்து கொடுத்துரு. நான் கையெழுத்துப் போடுதேன்."

விதிப்படி அதில் தவறு இல்லை. வீட்டில் யார் வேண்டுமானாலும் கட்டலாம், யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். பையை வாங்கிக்கொண்டால் என் வேலையும் முடிந்தது, நைனாவின் அலமாரியும் காலி. அந்தம்மா பையை நீட்டிக்கொண்டே நின்றார். நான் பையை வாங்கவில்லை.

"அம்மா, இப்பக் குடுத்தா நீங்க அத எங்க வெப்பீங்க?"

"அரிசி டின்னுக்குப் பின்னால."

"டிவில எப்பப் போடுவீங்க?"

அந்தம்மா மஞ்சள் பையைத் திரும்பக் கூடைக்குள் வைத்தார்.

"சார் வாங்குவாரும்மா. அவரே வாங்குவாரு. கொஞ்ச நாள் பொறுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நான் யார் அந்த வாக்குக் கொடுக்க? பெட்டி திரும்பிப் போய்விட்டால் அந்தப் பெண் இனி எழுதவும் மாட்டாள், பேசவும் மாட்டாள். அந்தப் பாவம் என் தலையில்.

வீட்டில் சொன்னபோது என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. மீன் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"நீ இன்னா பெரிய மேஸ்திரியா? பெத்தவ காசு குடுக்குறா, வாங்கினு பொட்டியக் குடுக்க வேண்டியதுதான? இன்னாத்துக்கு அந்தம்மாவ அலய வுட்ற?"

"அந்தாளு வாங்கணும் மேரி. அம்மா வாங்கினா அது திருட்டுப் பொருள் மாரி வூட்ல கெடக்கும்."

"அவரு வாங்காங்காட்டி?"

"ஜெபம் பண்ணு."

"பண்ண வேண்டியதெல்லாம் பண்ணிட்டு, கடசியில என்னிய ஜெபம் பண்ணச் சொல்லு" என்றாள். ஆனாலும் அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் அவளே அந்த அம்மாவுக்காகவும், முகம் தெரியாத அந்தக் குழந்தைக்காகவும் வேண்டிக்கொண்டாள். மேரி கர்த்தருக்குள் நித்திரையடைந்து சில வருஷம் ஆகிறது. அவள் குரல் இந்த வீட்டில் இல்லாததற்கு நான் இன்னும் பழகவில்லை. அந்தப் போனில் சத்தமில்லாமல் நின்ற மனுஷரை இப்போது நினைத்தால், அன்றைக்குப் புரிந்ததைவிட அதிகம் புரிகிறது.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை காலையில் சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது. கட்டணத்தில் குறைக்க எதுவும் இல்லை, ஆட்சேபம் முடிக்கப்பட்டது, திங்கட்கிழமை வண்டியில் பெட்டியைத் திருப்பி அனுப்பவும்.

"பாத்தியா?" என்றார் நைனா. "இத்தினி நாளு வெச்சிகினு இருந்தோம், இப்ப இன்னா ஆச்சி? பேஜாரா பூட்ச்சி. ரிட்டன் பையில போடு."

"நைனா, ஒரே ஒரு ஒதவி. கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் பாக்குற மெட்ராஸ் சாரு கிட்ட அவர நேரா பேச வுடுங்க. பேப்பர்லயே சண்ட போட்டுகினு இருந்தா முடியாது. ஒரு மனுசன் கொரலு கேட்டா அவருக்கு மனசு ஆறும்."

"அவன் கொறைக்கவா போறான்?"

"கொறைக்காங்காட்டி போவட்டும். பேசட்டும்."

நைனா போனை எடுத்துச் சென்னையில் தெரிந்தவரிடம் பேசினார். மத்தியானத்துக்குள் கூப்பிடச் சொன்னார்கள். நான் பெட்டியை ரிட்டன் பையில் போடவில்லை. தாளைப் பிரித்துத் துடைத்து, வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நான் ஏதோ திட்டம் போட்டு இதைச் செய்ததாக நினைக்க வேண்டாம். கோபத்தில் இருக்கிறவருக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் போனில் நடந்தது கர்த்தர் நடத்தியது.

அவர் வீட்டில்தான் இருந்தார். பெட்டியை வாசலில் பார்த்ததும் முகம் மாறியது. "என்ன வே, குறைச்சிட்டாங்களா?"

"இல்ல சார். முடியாதுன்னு எழுதிட்டாங்க. திங்கக்கிழமை பெட்டி திரும்பிப் போவுது. அதுக்கு முன்னாடி நீங்களே ஒருவாட்டி பேசிப் பாருங்க சார். கிளியரன்ஸ் சார் லைன்ல வருவாரு."

அந்தம்மா அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நான் நம்பர் சுற்றிக் கொடுத்தேன்.

அவர் எடுத்த எடுப்பில் இடியாக ஆரம்பித்தார். சட்டம், பிரிவு, முன் அனுமதி, நுகர்வோர் கோர்ட்டு. அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார் போல. பிறகு அவர் ஏதோ கேட்க, இவர் பேச்சு நின்றது.

அந்தப் பக்கத்துக் கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். அன்பளிப்பு என்று பேச்சு வந்தால் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். நானே எத்தனையோ வாசல்களில் கேட்டிருக்கிறேன். அனுப்பியவர் உங்களுக்கு என்ன உறவு?

அவர் என் பக்கம் திரும்பவில்லை, அந்தம்மாவின் பக்கமும் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் மறுபடியும் கேட்டிருக்க வேண்டும்.

"மக" என்றார். சத்தம் வரவில்லை. ரிசீவரை வாயோடு நெருக்கிப் பிடித்தார். "எம் மக. எம் மகதான் அனுப்பியிருக்கா."

அடுக்களைப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

"ஆமா. பிரசவம் ஆகியிருக்கு. பொம்பளப் பிள்ள." அவருக்குத் தெரிந்திருக்கிறது! அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "இல்ல, நான் இன்னும் பாக்கல... சரி... சரி. அப்படியா... குறைக்க முடியாதா. சரி சார்."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன்மேலேயே கையை வைத்திருந்தார். தகராறில் தோற்றுவிட்டார். ஒரு காசு குறையவில்லை. என்னிடம் திரும்பி, "எவ்வளவு வே மொத்தம்?" என்றார்.

அந்தம்மா சேலை முந்தானையில் மஞ்சள் பையை மறைத்துக்கொண்டு உள்ளே போனதை நான் பார்த்தேன். பீரோவைத் திறந்து பணம் எடுத்து வந்தவர் ஃபோர்மேன்தான். கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

நான் கிளம்பியிருக்க வேண்டும். "இரும் வே, நசுங்கின பெட்டி, உள்ள உடைஞ்சிருந்தா யாரு சாட்சி?" என்று என்னை உட்கார வைத்துவிட்டார். கருவிகள் பழுது பார்க்கிற கை என்பதால் வயர்களைப் பார்த்த உடனே புரிந்துகொண்டார். அவர்கள் வீட்டு டிவி பழசு. படம் வந்தது, நிறம் வரவில்லை. அந்த ஊர் முறை வேறாம், நம் டிவியில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும் என்றார். ஓரத்தில் கொஞ்சம் ஆடவும் செய்தது. கம்பி அடைத்த ஒரு கட்டிலில் குழந்தை கையை ஆட்டிக்கொண்டு கிடந்தது.

"ஏங்க, செவப்பா இருக்கா கறுப்பா இருக்கான்னே தெரியலையே" என்றார் அந்தம்மா, அழுதுகொண்டே.

"ஒன்னைய மாதிரிதான் இருக்கும். பேசாமப் பாரு."

அப்போது ஒரு பெண்ணின் முகம் டிவியில் வந்தது. குனிந்து கேமராவைச் சரிசெய்தாள். "அம்மா, தெரியுதாம்மா? பிள்ளையப் பாத்தியா?" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "அப்பா... அப்பா இருக்காகளா பக்கத்துல?"

அவர் வயரைக் கையில் பிடித்தபடி டிவிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "இருக்கேன்" என்றார். "இருக்கேன், இங்கனதான் இருக்கேன்."

அது எப்போதோ பதிவு பண்ணியது என்பது அவருக்கு அந்த நிமிஷம் தோன்றவில்லை. நான் சத்தம் போடாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். திரும்பும் வழியில் சவுக்குத் தோப்புப் பக்கம் வண்டியை நிறுத்தி, கடலைப் பார்த்துக்கொண்டே ஸ்தோத்திரம் பண்ணினேன். அந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் இப்படிப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பதில் சொன்னாலும் அவர்களுக்குக் கேட்காது.

பிள்ளைகளே, வாசலில் ஒருவர் கத்தும்போது நீங்களும் கத்தாதீர்கள். பேனாவையும் உடனே எடுக்காதீர்கள். கட்டணத்தைத் திட்டுகிறாரா, பெட்டியைத் திட்டுகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். பெட்டியைத் திட்டாதவருக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். கம்பெனி உங்களைக் கோபித்துக்கொள்ளும், பரவாயில்லை. எனக்கும் எல்லா முறையும் இப்படி முடிந்துவிடவில்லை. நான் நிறுத்திவைத்தும் திரும்பிப் போன பெட்டிகள் உண்டு. அவற்றை நினைத்தால் இன்றைக்கும் மனசு என்னமோ செய்கிறது.

சில நாள் கழித்து அந்த ஃபோர்மேன் செங்கல்பட்டுக் கிளைக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு துணி மூட்டை. நைனா அவரைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"இன்னா சார், மறுபடி கம்ப்ளெயின்டா?"

"இல்ல. அமெரிக்காவுக்கு ஒரு பார்சல் அனுப்பணும்."

மூட்டையை மேசைமேல் பிரித்தார். துவைத்துத் துவைத்து நைந்துபோன அவருடைய இரண்டு வேட்டி, அந்தம்மாவின் ஒரு பழைய நூல் சேலை. "பிள்ளையக் கூண்டுக்குள்ள போட்டு வச்சிருக்கா. தொட்டில் கட்டப் பழைய துணி அங்க எங்க கெடைக்கும்? கடையில விக்கிற துணி பிள்ள மேல உறுத்தும்" என்று என்னிடம் சொன்னார். பிறகு நைனாவிடம் திரும்பினார்.

"அந்த ஊர்லயும் இதே மாதிரி வாசல்ல நின்னு டூட்டி, ஹேண்ட்லிங் சார்ஜுன்னு அவகிட்டக் கேப்பானா?"

"பழைய துணிக்கு எவன் சார் டூட்டி போடப் போறான்? வராது."

"வந்தா?"

"வந்தா அவங்கதான் கட்டணும்."

"அது ஆகாது. எது வந்தாலும் என் பேர்ல எழுதும். அவ வாசல்ல போயி ஒருத்தனும் காசு கேக்கக் கூடாது."

நைனா என்னைப் பார்த்தார். எனக்கு அவர் எதைச் சொல்லத் தயங்குகிறார் என்று தெரிந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும், நானே சொன்னேன்.

"அனுப்புறவரே கட்டுறதுன்னு போடலாம் சார். ஆனா அதுக்குத் தனியா ஒரு ஹேண்ட்லிங் சார்ஜு இருக்கு. நீங்க கோச்சிக்கக் கூடாது."

அவர் வேட்டியை மறுபடி மடிப்புக் கலையாமல் மடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"போடும் வே" என்றார்.